தனியாக வருபவரும் முழு விருந்தாளியே: திருகோணமலையின் விடுதி உரிமையாளர்களுக்கும் படகோட்டிகளுக்கும் ஓட்டோச் சாரதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களே, படகுச் சங்கத்தினரே, ஓட்டோச் சாரதித் தம்பிமாரே,

வணக்கம். வைகாசி பிறந்து கடல் அடங்கியதும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிறையத் தொடங்கிவிடும். அதன் பிறகு உங்களில் எவருக்கும் ஒரு மடலை இருந்து வாசிக்க நேரம் இராது. ஆகவே பருவம் தொடங்குமுன் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நம் ஊருக்குத் தனியாக வரும் ஒருவரை, குறிப்பாகத் தனியாக வரும் நம் நாட்டுப் பெண் ஒருத்தியை, முழு விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு ஓர் அறையும், படகில் ஓர் இருக்கையும், ஒருவர் சாப்பிடும் அளவுக்கு ஒரு சாப்பாடும், நியாயமான ஓட்டோ வாடகையும் தயக்கமின்றிக் கிடைக்கும்படி உங்கள் தொழிலைச் சிறிதளவு மாற்றி அமையுங்கள்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் தனியாகப் பாங்கொக் நகருக்குப் போய் வந்தேன். விசா இன்றி வரக்கூடிய நாட்டவரின் பட்டியலை 2024 ஜூலையில் தாய்லாந்து விரிவாக்கியபோது இலங்கையரையும் அதில் சேர்த்துக்கொண்டதால், அந்தப் பயணம் என் போன்றவர்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்காத உறவினர் ஒருவரும் இல்லை. புறநகரையும் சேர்த்தால் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வாழும், பேச்சும் எழுத்தும் புரியாத ஒரு நகரத்தில், அறுபதைக் கடந்த பெண் ஒருத்தி தனியே என்ன செய்வாள் என்ற அவர்களின் கவலை நியாயமானதே. அந்தக் கவலைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லாமற் போனது; அதற்கு அந்த நகரம் தன் அன்றாடச் சேவைகளை அமைத்திருக்கும் முறையே காரணம் என்பதை அங்கு நடந்து திரிந்தபோது மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டேன்.

பாங்கொக் தன் சேவைகளில் பெரும்பாலானவற்றை ஓர் ஆளுக்கு என்று அளந்து விற்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியவர், நகருக்குள் போவதற்கு ஒரு முழு வாகனத்தை வாடகைக்கு அமர்த்த வேண்டியதில்லை. 2010இல் தொடங்கப்பட்ட விமான நிலைய ரயிலில் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு பயா தாய் வரை போகலாம். அங்கிருந்து, 1999இல் ஓடத் தொடங்கிய உயர்மட்ட ரயிலுக்கு மாறி, தெருக்களின் நெரிசலுக்கு மேலாகவே நகரின் பெரும்பகுதியை அடையலாம். சாவோ பிராயா ஆற்றில் ஓடும் பயணிகள் படகுகள் கொடியின் நிறத்தால் வேறுபடுகின்றன. செம்மஞ்சள் கொடி கட்டிய படகில் எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம். அலுவலகம் போகிறவரும், என்னைப் போன்ற வெளியூராளும் அதே காசைக் கொடுத்து அதே பலகையில் அமர்கிறார்கள். தா தியென் துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள வாட் அருண் விகாரைக்குக் கடக்கும் படகும் அப்படித்தான்: சில பாத் காசு, ஓர் ஆள், ஓர் இடம்.

நகரின் நடுவே ஓடும் சேன் சேப் கால்வாயில் படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளி விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்து, தூரத்துக்கு ஏற்பக் காசு வாங்குகிறார். பெருந்தெருக்களிலிருந்து கிளைத்து உள்ளே நீளும் ஒழுங்கைகளின் வாசலில், இலக்கமிட்ட செம்மஞ்சள் மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் சாரதிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதை அவர்களின் தரிப்பிடத்தில் ஒரு பலகை சொல்கிறது. பின்னால் ஒருவர் மட்டும் அமர்வதற்காகவே அமைந்த அந்த வாகனத்தில், தனியாக வருபவரே சாதாரண வாடிக்கையாளர். குடும்பமாக வருபவர்தான் வேறு வழி தேட வேண்டும். வாழ்நாள் முழுவதும் இதற்கு மறுதலையான உலகத்தில் வாழ்ந்த எனக்கு அந்தப் பலகையின் முன் நின்றபோது ஏற்பட்ட நிம்மதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சாப்பாட்டிலும் இதே ஒழுங்கைக் கண்டேன். நூடில்ஸ் கடைகளில் ஒரு கிண்ணம் என்பது ஒருவரின் உணவு. சிறிய மேசைகளில் தனியே அமர்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர்களே பாதிக்கு மேல். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் பொறித்த கொடி தொங்கும் கடையில் மரக்கறி உணவு கிடைக்கும் என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதால், சைவ உணவுக்காரியான எனக்கு அந்தக் கொடியே வழிகாட்டியானது.

நான் தங்கிய இடம் ஒரு சிறிய விடுதி. பெண்களுக்கென்று ஒதுக்கிய அறையில், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு, பூட்டுவதற்கு ஒரு பெட்டி. கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிந்துகொண்ட பிள்ளை, கட்டிலின் இலக்கத்தை வாயால் சொல்லாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு நான் எங்கே படுக்கிறேன் என்பது தெரியக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. செலவில்லாத இந்தச் சிறு கவனத்தை உங்களில் ஒவ்வொருவரும் நாளைக்கே தொடங்கலாம்.

தனிப் பயணி ஏன் பெறுமதியான விருந்தாளி என்பதைச் சொல்லவும் பாங்கொக்கையே எடுத்துக்காட்டுகிறேன். அந்த நகரின் பழைய பகுதியில், இராட்சத ஊஞ்சல் என்று அழைக்கப்படும் உயரமான சிவப்பு மரத் தூண்களின் அருகே, 1784இல் முதலாம் இராமா மன்னர் அமைத்த தேவஸ்தானம் என்னும் கோவில் இருக்கிறது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனி மண்டபங்கள் உள்ள அந்தக் கோவிலில், அரச சபைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவில் திருவெம்பாவையினதும் திருப்பாவையினதும் பாடல்கள் ஓதப்பட்டு வந்திருக்கின்றன. அந்த விழாவின் பகுதியாக இருந்த ஊஞ்சலாட்டம் 1935க்குப் பின் நின்றுவிட்டது; ஊஞ்சலின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மார்கழிக் குளிரில் பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் நின்று திருவெம்பாவை கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு, கடலுக்கு அப்பால் அந்தப் பாடல்கள் இவ்வளவு தொலைவு போயிருக்கின்றன என்பது சாதாரணச் செய்தியா? கூட்டத்தோடு பஸ்ஸில் போயிருந்தால் அரண்மனையையும் சாய்ந்திருக்கும் புத்தரையும் காட்டிவிட்டுக் கடைத்தெருவில் இறக்கிவிட்டிருப்பார்கள். தனியாகப் போனபடியால், அந்தக் கோவிலின் சுவரோரம் எனக்குப் போதும் என்று தோன்றும்வரை இருந்தேன். பிறகு சீலோம் வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் கட்டிய மாரியம்மன் கோவிலைத் தேடிப் போனேன். பூக்கடைக்காரியிடம் மாலை வாங்கினேன். எதிரே இருந்த கடையில் தேநீர் குடித்தேன். இப்படி நின்று பார்ப்பவரின் காசு சிறு கடைகளுக்குத்தான் போகிறது. நம் ஊருக்குத் தனியாக வருகிறவரும் இப்படித்தான் கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையில் கடலைப் பார்த்து நெடுநேரம் இருப்பார், பிரெட்ரிக் கோட்டையின் மான்களுக்கு நடுவே நடப்பார், கரையோரத்தில் மீன் வாடியை விசாரிப்பார், இரண்டு நாளென்று வந்தவர் நான்கு நாள் தங்குவார்.

பாங்கொக்கில் எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு விகாரை காட்டுகிறேன் வாருங்கள் என்று கூறித் தனியாக வருபவரை ஏற்றிக்கொண்டு, தரகுக் காசுக்காக இரத்தினக்கல் கடைக்கும் தையற்கடைக்கும் அழைத்துப் போகும் முச்சக்கர வண்டிக்காரர்கள் அங்கே பேர் பெற்றவர்கள். என்னிடமும் ஒருவர் வந்தார்; அரண்மனை வாசல் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி விலகினேன். வாசல் திறந்துதான் இருந்தது. துணையில்லாதவரை ஏய்ப்பது எளிது என்பதால் இந்த வலை அவர்களுக்காகவே விரிக்கப்படுகிறது. எனினும் அந்த நகரம் அதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 1155 என்ற இலக்கத்தில் சுற்றுலாப் பொலிசார் இரவு பகலாகக் கிடைக்கிறார்கள். ஏமாற வேண்டாம் என்ற எச்சரிக்கை அரண்மனை அருகிலேயே ஒலிக்கிறது. தம்பிமாரே, உங்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள் என்பதை இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அறிவேன். ஆனால் அதை இரவு ரயிலில் வந்து இறங்கும் ஒரு புதியவர் எப்படி அறிவார்? ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும், உப்புவெளிக்கு, நிலாவெளிக்கு, கோணேசர் கோவிலுக்கு, கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு எவ்வளவு வாடகை என்று மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை நின்றால், உங்கள் நேர்மைக்கு அதுவே சாட்சியாகும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவரைச் சங்கமே கண்டிக்கட்டும்.

இனி விடுதிகளைப் பற்றி. இங்கேதான் என் மனம் மிகவும் நொந்திருக்கிறது. வவுனியாவிலிருந்து ஒரு பயிற்சிப் பட்டறைக்காக வந்த இளம் ஆசிரியை ஒருத்தி, என் முன்னாள் மாணவி, நகரில் ஒரு விடுதிக்குப் போனாள். அறை இருந்தது, கட்டணமும் பேசியாயிற்று. தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, ஆண் துணை இல்லாமல் அறை தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையையும் பாடசாலைக் கடிதத்தையும் காட்டியும் பயனில்லை. அவள் இரவு எட்டு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்து, என் வீட்டில் தங்கினாள். அவளுக்கு நான் இருந்தேன். இந்த ஊரில் ஒருவரையும் அறியாத பெண் அந்த நேரத்தில் எங்கே போவாள்? அதே விடுதியின் முன்பகுதியில், தனியாக வந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் தன் பையை இறக்கிவைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்ததை அவள் கண்டிருக்கிறாள். அயல்நாட்டுப் பெண் தனியே வந்தால் பயணி. நம் பெண் தனியே வந்தால் சந்தேகத்துக்குரியவள் என்ற இந்தக் கணக்கு எந்த வகையில் நியாயம் என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் மகளை நினைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையோ, மனமுடைந்து வந்தவளோ, ஏதேனும் நடந்துவிட்டால் பொலிசுக்கு யார் பதில் சொல்வது, விடுதியின் பெயர் என்னாகும் என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. அந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் தனியாக வரும் ஆணைப் பற்றி இந்தக் கேள்விகள் எழுவதில்லை. இணையாக வருகிறவர்களால் தொல்லையே வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. எல்லோரிடமும் வாங்குவதைப் போலவே அடையாள அட்டையின் பிரதியையும், அவசரத்துக்கு அழைக்க வீட்டாரின் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாடியின் கடைசி அறையைக் கொடுக்காமல், படிக்கட்டுக்கும் வரவேற்பு மேசைக்கும் அருகில், உள்ளிருந்து சரியாகத் தாழிடக்கூடிய அறையைக் கொடுங்கள். திறப்பின் இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். ஒரு கேள்வியை மட்டும் மற்றவர்கள் கேட்கும்படி கேட்காதீர்கள். தனியாகவா வந்தீர்கள் என்று வரவேற்பு மேசையில் உரத்த குரலில் கேட்கும்போது, அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் அவர் தனியாள் என்று நீங்களே அறிவித்து விடுகிறீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் அக்கறையால்தான் பிறக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் பெண்கள் தனியே அழைத்துக் கேட்கட்டும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். இருவருக்குரிய அறையில் ஒருவர் தங்கினால் பாதிக் கட்டணம் வாங்க முடியாது என்பதை ஏற்கிறேன். மின்சாரமும் விரிப்பும் வேலையாளின் சம்பளமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் காலைச் சாப்பாடு ஒன்று குறைகிறது, தண்ணீர் குறைகிறது. அந்தளவையாவது குறைத்து, தனி ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிவைக்கலாம். பெரிய கட்டடம் உள்ளவர்கள் ஓர் அறையில் நான்கு கட்டில் போட்டுப் பெண்களுக்கென்று ஒதுக்கினால், பரீட்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் வைத்தியசாலைக்கும் வரும் பிள்ளைகளாலேயே அது ஆண்டு முழுவதும் நிறையும். கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் இரவு ரயில் சீனன்குடாவைத் தாண்டி இங்கே வந்து சேர்வது அதிகாலையில். அறையோ நண்பகலுக்குப் பிறகுதான் கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் பையை வைத்துக்கொண்டு, முகம் கழுவ ஓர் இடம் காட்டுவதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை.

படகுச் சங்கத்தினரே, உங்களிடம் நான் கேட்பதே இந்த மடலில் மிக எளிதில் நிறைவேறக்கூடியது என்று நினைக்கிறேன். நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளப் பாறைகளையும் பவளப்பாறைச் சுறாக் குட்டிகளையும் பார்க்கவென்றே பலர் நம் ஊருக்கு வருகிறார்கள். ஆனால் படகின் வாடகை முழுப் படகுக்கும் பேசப்படுகிறது. பூங்காவின் நுழைவுச் சீட்டிலும் ஆளுக்குரிய கட்டணத்தோடு ஒரு குழுவுக்குரிய சேவைக் கட்டணமும் சேருகிறது. எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும் செலவைத் தனியாக வருபவர் ஒருவரே சுமக்க வேண்டியிருக்கிறது. கரையில் நின்று, முன்பின் அறியாதவர்களிடம் போய் உங்களோடு சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்கும் துணிவு எல்லோருக்கும் வராது. நம் பெண்களுக்கு அநேகமாக வரவே வராது. அவர்கள் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். காலையில் குறித்த நேரத்துக்கு ஒன்றிரண்டு படகுகளைப் பொதுப் படகுகளாக ஒதுக்குங்கள். முதல் நாள் மாலையில் பெயரைப் பதிந்துகொண்டு, ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். சேவைக் கட்டணத்தையும் ஏறுகிறவர்களிடையே பகிருங்கள். உயிர்காப்பு அங்கி எல்லா அளவிலும் இருக்கட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்றுள்ள பாலங்கள் வருமுன்னர், இந்தத் துறைமுகத்திலிருந்து மூதூருக்கு லோஞ்சில் போனவர்கள் தலைக்கு ஒரு டிக்கெட் எடுத்துத்தானே போனார்கள்? கூடையோடு தனியே ஏறிய கிழவிக்கு முழு லோஞ்சையும் வாடகைக்குப் பேசும்படி எவரும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் அதிகம் சொல்வதற்கில்லை. நம் சோற்றுப் பொதி ஒருவருக்கென்றே கட்டப்பட்டது. அது ஏழைக்கும் பயணிக்கும் பெரிய ஆறுதல். கடையில் இருந்து சாப்பிட வரும் பெண்ணைக் குடும்ப அறை என்று திரைபோட்ட மூலைக்கு அனுப்பாமல், அவர் விரும்பிய கதிரையில் இருக்க விடுங்கள். இரவில் கொத்தோ இடியப்பமோ கேட்டால் அரை அளவிலும் கொடுங்கள்.

பெரிய பாங்கொக் எங்கே, நம் சிறிய ஊர் எங்கே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நகரம் தலைநகராக நிறுவப்பட்டது 1782இல். அதற்கும் முன், 1753இல், சியாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரர் என்ற பௌத்தத் துறவியும் அவரோடு வந்த பிக்குகளும் இலங்கையில் வந்து இறங்கியது இந்தத் திருகோணமலையில்தான். இங்கிருந்தே அவர்கள் கண்டிக்குப் போனார்கள். தூரதேசத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கரையாக இருந்து பழகிய ஊர் இது. உயர்மட்ட ரயிலை உங்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒரு பலகை, ஒரு பெயர்ப் பதிவு, தாழ் சரியான ஓர் அறை ஆகியவற்றையே கேட்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து உங்கள் சங்கங்கள் பருவத்துக்கான கட்டணங்களைப் பேசக் கூடும்போது, இந்த மடலையும் அங்கே வாசிக்கும்படி வேண்டுகிறேன். அழைத்தால் நானும் வருவேன். நான் தமிழ் ஆசிரியை; சிங்களமும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதக்கூடிய பழைய மாணவர்கள் எனக்கு இருக்கிறார்கள். வாடகைப் பலகையையும் படகுப் பதிவுப் பலகையையும் மூன்று மொழிகளிலும் எழுதித் தருவதை எங்கள் பொறுப்பாக ஏற்கிறோம். அதற்குரிய மரத்துக்கும் வர்ணத்துக்குமான செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தனியாக வரும் பெண்களுக்கு அறை தர முன்வரும் விடுதிகளின் பெயர்களை எங்களிடம் தந்தால், நாங்கள் அறிந்த பாடசாலைகளுக்கெல்லாம் அந்தப் பட்டியலை அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரைச் சேர்ந்த
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை.